தந்தை மார்பில் தூளி: பச்சிளங்குழந்தையைச் சுமக்கும் கருவியின் வரலாறும் பெங்களூருத் தமிழர் வாழ்வும்

முன்னுரை

குழந்தையைச் சுமத்தல் மாந்தர்தம் தொன்மையான செயல்களுள் ஒன்று. தமிழில் தாலாட்டைப் பற்றி ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. ஆனால் அத்தாலாட்டு எந்தத் துணிக்கு அருகில் நின்று பாடப்பெற்றதோ அந்தத் துணியைப் பற்றிய ஆய்வு அந்த அளவுக்கு வளரவில்லை. சுமப்பவர் தாயாக அன்றித் தந்தையாக இருக்கும்போது இக்குறை மேலும் பெரிதாகிறது. இன்று பெங்களூருவின் அல்சூர் ஏரிக்கரையிலும் கப்பன் பூங்காவிலும் பிறந்து சில வாரங்களேயான குழந்தையை மார்போடு பிணைத்து நடக்கும் இளந்தந்தையரைக் காணலாம். அவர்கள் அணிந்திருக்கும் கருவியைப் 'பேபி கேரியர்' என்றே தமிழரும் கன்னடரும் வழங்குகின்றனர்.

இதனை மேலைநாட்டு நாகரிகம் என்று ஒதுக்குவோரும் உளர். நம் பாட்டிமார் அறிந்த தூளியே இது என்று பெருமை கொள்வோரும் உளர். இவ்விரு கருத்தும் முழுமையானவை அல்ல என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். தமிழ் மரபில் குழந்தையின் தீண்டல் தந்தைக்கு இன்பமாகச் சொல்லப்பட்டது. குழந்தையைச் சுமத்தல் அவனுக்குப் பணியாகச் சொல்லப்படவில்லை. இன்பத்திற்கும் பணிக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை நிரப்ப வந்ததே புதிய கருவி. அதைத் தேர்ந்தெடுப்பதிலும் உடலில் பொருத்துவதிலும் குழந்தையின் மூச்சும் இடுப்பெலும்பும் அடங்கியிருப்பதால் இது நடைமுறை வாழ்வுக்கும் இன்றியமையாத செய்தியாகிறது.

சொல்லும் பொருளும்

குழந்தையைத் துணியில் தாங்கும் வழக்கத்தைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள்ளன. தூளி, ஏணை, தொட்டில் என்பன அவற்றுள் பெருவழக்கானவை. கொங்குப் பகுதியில் தூளி என்பதும், வட தமிழகத்திலும் ஈழத்திலும் ஏணை என்பதும் மிகுதியாக வழங்குகின்றன. தொட்டில் என்னும் சொல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. கன்னடத்தில் 'தொட்டிலு' என்றும் மலையாளத்தில் 'தொட்டில்' என்றும் அது வழங்குகிறது. குழந்தையை முதன்முதல் தொட்டிலில் இடும் சடங்கினைக் கன்னடர் 'தொட்டிலு சாஸ்திர' என்பர். பெங்களூருவில் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் தமிழ்த் தாயும் கன்னடத் தாயும் இப்பொருளைப் பொறுத்தவரை ஏறத்தாழ ஒரே சொல்லையே பேசுகின்றனர்.

இச்சொற்கள் யாவும் உத்தரத்திலோ மரக்கிளையிலோ கட்டித் தொங்கவிடும் பொருளையே குறிக்கின்றன. சுமப்பவரின் உடலையே தாங்கிடமாகக் கொண்ட கருவிக்கு இவை நேராகப் பொருந்துவன அல்ல. உடலில் சுமத்தலைக் குறிக்கப் பழந்தமிழில் 'ஒக்கலை' என்னும் சொல் உண்டு. இடுப்பின் பக்கத்தை அது குறிக்கும். பெரியாழ்வார் அம்புலிப் பாசுரத்தில் கண்ணன் யசோதையின் ஒக்கலையில் அமர்ந்தே நிலவைச் சுட்டிக்காட்டுகிறான். ஒக்கலையில் குழந்தையை இருத்த வேண்டுமாயின் அதற்குத் தலையும் முதுகும் நின்றிருக்க வேண்டும். பிறந்த சில வாரக் குழந்தை ஒக்கலைக்கு உரியதன்று.

ஆக, பச்சிளங்குழந்தைக்குத் தொங்கும் தூளியும், வளர்ந்த குழந்தைக்கு ஒக்கலையும் சொல்வளத்தோடு அமைந்திருக்க, பச்சிளங்குழந்தையை மார்பில் பிணைத்துச் சுமக்கும் கருவிக்குப் பொதுவழக்கில் தனிச்சொல் நிலைபெறவில்லை. இக்கட்டுரையில் அதனை 'மார்புத்தூளி' என்று குறிப்பிடுவோம்.

இலக்கியத்தில் தந்தையும் குழந்தையும்

தந்தையின் கடமை எது என்பதைப் பொன்முடியார் புறநானூற்றின் 312ஆம் பாடலில் வரையறுக்கிறார். பெற்று வளர்த்தல் தாயின்பால் வைக்கப்படுகிறது. சான்றோனாக்குதல் தந்தையின்பால் வைக்கப்படுகிறது. திருக்குறள் 67ஆம் குறளும் மகனை அவையில் முதன்மை பெறச் செய்வதையே தந்தை செய்யும் நன்றியாகக் கூறுகிறது. இவ்விரு பாடல்களின்படி தந்தையின் பணி களத்திலும் அவையிலும் உள்ளது. மனையின் அறையில் இல்லை.

ஆயினும் அதே நூல்கள் வேறொரு முகத்தையும் காட்டுகின்றன. திருக்குறளின் 65ஆம் குறள் குழந்தையின் மெய் தீண்டுதலை உடலின் இன்பமாகக் கூறுகிறது. அங்கே தாய், தந்தை என்ற பிரிவில்லை. புறநானூற்றின் 188ஆம் பாடலைப் பாடியவன் பாண்டியன் அறிவுடைநம்பி. செல்வம் நிறைந்த அரசனாகிய அவன், சோற்றில் கையிட்டுத் துழாவி உடலெங்கும் பூசிக்கொள்ளும் குழந்தையைக் கண்டு மயங்குகிறான். அத்தகைய மக்கள் இல்லாதார்க்கு வாழ்நாளில் பயனில்லை என்று முடிக்கிறான்.

ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய முல்லைப் பகுதியின் தொடக்கமாகிய செவிலி கூற்றுப் பத்து இங்குக் கருதத்தக்கது. முதற்பாடலில் புதல்வன் தாய்க்கும் தந்தைக்கும் நடுவில் கிடக்கிறான். அடுத்த பாடலில் தாய் புதல்வனை அணைத்துக் கிடக்க, தலைவன் அவளை முதுகுப்புறமாக அணைத்துக் கிடக்கிறான். இரண்டாம் காட்சி நுட்பமானது. தந்தையின் அணைப்பு தாயின் வழியாகவே குழந்தையைச் சென்றடைகிறது. இடையில் தாயின் உடல் இல்லாமல் தந்தையும் பச்சிளங்குழந்தையும் நேரே ஒட்டியிருக்கும் காட்சி எளிதில் கிடைப்பதில்லை.

இதற்கு வயதும் ஒரு காரணம். அறிவுடைநம்பி கண்ட குழந்தை குறுகுறு நடை பயில்வது. அகநானூற்றின் 16ஆம் பாடலில் சாகலாசனார் காட்டும் புதல்வன் தெருவில் விளையாடுபவன். பிற்காலத்தில் எழுந்த பிள்ளைத்தமிழின் பருவ வைப்பும் இதனையே உறுதிப்படுத்துகிறது. பாட்டியல் மரபு காப்புப் பருவத்தை மூன்றாம் திங்களில் தொடங்கி, ஒற்றைப்படைத் திங்களாக எண்ணிச் சென்று 21ஆம் திங்களில் பத்துப் பருவங்களையும் நிறைவு செய்வது பொதுவழக்கு. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் முதலாக இந்நெறி வளர்ந்தது. இதன்படி பிறந்த முதலிரு திங்களுக்குப் பாட்டில் இடமில்லை. மார்புத்தூளி மிகுதியும் வேண்டப்படுவதும், மிகுந்த கவனத்தோடு கையாள வேண்டுவதும் இலக்கியம் பேசாதுவிட்ட அந்த இரு திங்களில்தான் என்பது நோக்கத்தக்கது.

தாயாகிய இறைவனும் கூடை சுமந்த தந்தையும்

பக்தி இலக்கியம் குழந்தையைப் பேணும் ஆடவரைப் படைத்தது. ஆனால் அவர்கள் பெண்குரல் பூண்டே பேணினர். பெரியாழ்வார் யசோதையாகி நின்று கண்ணனைத் தொட்டிலில் இட்டுப் பாடினார். குலசேகர ஆழ்வார் பெருமாள் திருமொழியின் எட்டாம் திருமொழியில் கோசலையின் நிலையில் நின்று இராமனைத் தாலாட்டினார். அவரே ஒன்பதாம் திருமொழியில் தயரதனின் நிலையை மேற்கொள்ளும்போது பாடுபொருள் வளர்ந்த மகன் காடேகும் துயரமாக மாறிவிடுகிறது. தாயின் குரலுக்குத் தொட்டிலும், தந்தையின் குரலுக்குப் பிரிவும் உரியனவாகின்றன.

திருச்சிராப்பள்ளித் தலபுராணச் செய்தியும் இவ்வழிப்பட்டதே. காவிரிப் பெருக்கால் தாய் வந்து சேர இயலாதபோது, பேறுகாலத்தில் தவித்த பெண்ணுக்கு இறைவன் தாய் வடிவில் வந்து பணிவிடை செய்தான் என்றும், அதனால் தாயுமானவர் எனப் பெயர் பெற்றான் என்றும் அச்செய்தி கூறும். இன்றும் குழந்தையைப் பேணும் தந்தையைத் 'தாயுமானவன்' என்று பாராட்டுகிறோம். பாராட்டு உண்மையானதே. ஆயினும் பேணும் ஆண் தாயாகவே ஆகவேண்டும் என்ற கருத்து அதில் பொதிந்துள்ளது. தந்தை தந்தையாகவே இருந்து குழந்தையைப் பேணுவதற்கு அச்சொல் இடம் தரவில்லை.

பிறந்த குழந்தையைச் சுமந்த தந்தைக்கு இந்திய மரபில் யாவரும் அறிந்த சான்று வசுதேவர். கண்ணன் பிறந்த இரவிலேயே அவனைச் சுமந்து யமுனையைக் கடந்து ஆயர்பாடியில் சேர்த்தவர் அவர். ஓவியங்களில் கூடை அவர் தலைமேல் உள்ளது. அச்சுமை காக்கும் சுமை, வளர்க்கும் சுமையன்று. குலசேகரர் ஏழாம் திருமொழியில் தேவகியின் புலம்பலைப் பாடும்போது, பிள்ளை வளர்ச்சியைக் காணும் பேற்றை நந்தகோபன் பெற்றான், வசுதேவர் பெறவில்லை என்று அவள் வாயிலாகவே கூறுகிறார். தாய் தன் இழப்பைச் சொல்லும் பாட்டில் தந்தையின் இழப்பும் இடம்பெறுவது அரிய செய்தி. குழந்தையின் முதற்பருவத்தை இழத்தல் தந்தைக்கும் இழப்பே என்பதை 9ஆம் நூற்றாண்டளவிலேயே தமிழ் அறிந்திருந்தது எனலாம்.

உழைக்கும் மக்களின் தூளியும் பெங்களூருவும்

உடலோடு பிணைத்துச் சுமத்தல் தமிழகத்திற்குப் புதிதன்று. அலைந்து பிழைக்கும் மக்களிடமும் உழைப்பாளரிடமும் அது நெடுங்காலமாக உள்ளது. நரிக்குறவப் பெண்கள் குழந்தையைத் துணியில் தொங்கவிட்டுச் சுமந்தவாறே வணிகம் செய்வதைக் காணலாம். நாயக்கர் காலத் தூண் சிற்பங்களில் கூடையேந்திய குறத்தி குழந்தையோடு காட்டப்படுகிறாள். இரு கைகளும் தொழிலுக்குத் தேவைப்பட்டபோது குழந்தை துணிக்கு மாறியது. மனையிலிருந்த மகளிர்க்குத் தொங்கும் தூளி போதியதாயிற்று.

பெங்களூருவில் தமிழர் நெடுங்காலக் குடியினர். தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பெங்களூரு மாவட்டக் கல்வெட்டுகளை பி. எல். ரைஸ் 1905இல் எபிகிராஃபியா கர்னாட்டிகாவின் ஒன்பதாம் தொகுதியாக வெளியிட்டார். 1809இல் ஆங்கிலேயர் கன்டோன்மென்ட் அமைத்தபின் படைவீரர், கட்டடத் தொழிலாளர், வணிகர், பணியாளர் எனத் தமிழர் பெருமளவில் வந்து சேர்ந்தனர். அல்சூரும் அதனைச் சூழ்ந்த பகுதிகளும் தமிழ் வழங்கும் இடங்களாயின. நகரம் விரிந்தபோது கட்டடப் பணியில் மண்ணும் கல்லும் சுமந்த தமிழ்ப் பெண்டிர் மரக்கிளையிலும் சாரக் கம்பத்திலும் பழம்புடவையால் தூளி கட்டினர். 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண் தொழிலாளர் வழக்கமாகப் பணிபுரியும் இடங்களில் குழந்தைக் காப்பிடம் வேண்டும் என்று விதித்தது. சட்டம் பெண்களையே எண்ணியது. அதே இடத்தில் பணிபுரிந்த தந்தையர் கணக்கில் வரவில்லை.

1980களுக்குப் பின் மற்றொரு குடியேற்றம் நிகழ்ந்தது. இன்போசிஸ் 1983இல் பெங்களூருவிற்கு வந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985இல் தன் மையத்தைத் தொடங்கியது. கணினித் துறையை நாடி வந்த தமிழ் இளைஞர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தனிக்குடும்பமாக வாழத் தொடங்கினர். தாய்வீட்டுப் பேறுகாலம் என்னும் மரபில் குழந்தை பிறந்த முதற் சில திங்களில் தந்தை விருந்தினன் போல் வந்து செல்பவன். பேறு பெங்களூருவிலேயே நிகழ்ந்து, உதவிக்கு வந்த முதியோரும் சில வாரங்களில் ஊர் திரும்பும்போது, அம்மரபு தானே தளர்கிறது. இரவு இரண்டு மணிக்கு அழும் குழந்தையை ஏந்தி நடக்க வீட்டில் இருவரே உள்ளனர். அடுக்குமாடிக் கூரைகளில் தூளிக்குரிய உத்தரமும் இல்லை. கொக்கி வைக்க வாடகை வீட்டில் உரிமையும் இல்லை. தூளி கூரையை விட்டு உடலுக்கு வந்ததற்கு இப்பொருளியற் சூழல் ஒரு முக்கியக் காரணம்.

சட்டம் இம்மாற்றத்தைப் பின்தொடர்ந்தே வந்தது. மைய அரசு ஊழியருக்கு 1990களின் இறுதியில் 15 நாள் தந்தையர் விடுப்பு அளிக்கப்பெற்றது. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் 2017இல் திருத்தப்பெற்றபோது மகளிர்க்கான விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. தந்தையர்க்கான விடுப்பு அதில் இடம்பெறவில்லை.

கருவி உருவான வரலாறு

இன்று கடைகளில் விற்கும் மார்புத்தூளியின் அண்மைக்கால வரலாறு ஆப்பிரிக்காவில் தொடங்குகிறது. அமெரிக்கச் செவிலியர் ஆன் மூர் 1960களில் அமைதிப்படைப் பணிக்காக டோகோ நாட்டில் இருந்தபோது, தாய்மார் குழந்தைகளைத் துணியால் முதுகில் கட்டியிருந்ததைக் கண்டார். நாடு திரும்பியபின் தம் தாய் லூசி ஆக்கர்மனின் தையல் துணையோடு 'ஸ்னக்லி' என்னும் ஏந்தியை உருவாக்கி 1969இல் காப்புரிமை பெற்றார். சுவீடனில் பியோன் யாக்கோப்சன் தொடங்கிய பேபிபியோன் நிறுவனம் 1973இல் மார்பில் அணியும் ஏந்தியை வெளியிட்டது. அதற்கு அடுத்த ஆண்டில், 1974இல், சுவீடன் அரசு தாய்க்குரிய விடுப்பைப் பெற்றோர் இருவருக்கும் உரிய விடுப்பாக மாற்றியது. கருவியும் விடுப்பும் அடுத்தடுத்துத் தோன்றியதால் அந்நாட்டில் மார்பில் குழந்தையோடு நடக்கும் தந்தை பொதுக்காட்சியானான். கருவி மட்டும் வந்து விடுப்பு வராத நாட்டில் அதே கருவி விடுமுறை நாள் அணியாகச் சுருங்கிவிடும் என்பதை இவ்வொப்பீட்டால் உணரலாம்.

மருத்துவத் துறையில் இணையான ஒரு மாற்றம் 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் நிகழ்ந்தது. இன்குபேட்டர் பற்றாக்குறையால் மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியாவும் எக்டர் மார்த்தினெசும் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்பில் தோலோடு தோல் படக் கட்டிவைத்தனர். கங்காரு பராமரிப்பு எனப்படும் இம்முறை பின்னர் இந்தியாவிற்கும் வந்தது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடன் இம்முறையைத் தொடங்கிய குழந்தைகளுள் 28 நாளுக்குள் இறந்தோர் 12.0 விழுக்காடு, உடல்நிலை சீரான பின் தொடங்கிய குழந்தைகளுள் 15.7 விழுக்காடு. கர்நாடகத்தின் கொப்பள மாவட்டத்தில் இம்முறையைப் பரவலாக்கும் ஆய்வில் பெங்களூருவின் செயின்ட் ஜான்ஸ் ஆய்வு நிறுவனம் பங்கேற்றது.

இந்திய அரசு 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தாய் இயலாத நிலையில் தந்தையும் பிற உறவினரும் இப்பராமரிப்பைச் செய்யலாம் என்கிறது. தந்தையின் மார்பும் குழந்தைக்கு வெப்பம் தரவல்லது. அதற்கு அவன் தாய் வடிவம் பூண வேண்டியதில்லை. தாயுமானவர் மரபு கண்ட தடையை மருத்துவம் இவ்வாறு கடந்தது எனலாம். எனினும் கங்காரு பராமரிப்பு மருத்துவமனையின் மேற்பார்வையில் தொடங்குவது. கடையில் வாங்கும் ஏந்தி அதற்கு மாற்றாகாது.

தேர்வு

மார்புத்தூளிகள் இன்று மூவகையாக அமைகின்றன. முதல்வகை நீண்ட துணியை உடலில் குறுக்காகச் சுற்றிக் கட்டுவது. நான்கு முதல் ஐந்து மீட்டர் நீளமுடையது. ஐந்தரை மீட்டர் புடவையை ஒத்தது எனலாம். இரண்டாம் வகை ஒரு தோளில் இரு வளையங்களின் வழியே இழுத்து இறுக்குவது; ஏறத்தாழ இரண்டு மீட்டர். மூன்றாம் வகை இடுப்புப் பட்டையும் தோள்வாரும் பூட்டுகளும் உடையது. நான்கு முழ வேட்டியின் நீளமும் இரண்டாம் வகைத் துணியின் நீளமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே தமிழ்த் தந்தையிடம் துணி இல்லாமலில்லை, வழக்கம்தான் இல்லை.

தேர்வில் முதலில் நோக்க வேண்டுவது குழந்தையின் எடை. வெளிநாட்டு ஏந்திகள் பலவற்றில் குறைந்த அளவு எடை 3.2 அல்லது 3.5 கிலோ என வகுக்கப்பட்டுள்ளது. 2019–21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, எடை பதிவான இந்தியக் குழந்தைகளுள் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் 2.5 கிலோவுக்கும் குறைந்த எடையுடன் பிறந்தவர்கள். ஆகவே வேற்றுநாட்டுக் குழந்தையின் அளவுக்குத் தைத்த ஏந்தி இந்தியப் பச்சிளங்குழந்தைக்குப் பெரிதாக அமைதல் இயல்பு. பெரிய ஏந்திக்குள் குழந்தை சரிந்து முகம் புதையும். 'பிறந்தது முதல்' என்னும் விளம்பரச் சொல்லை நம்பாது எடை வரம்பைப் படித்து வாங்குதல் வேண்டும். குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறந்த குழந்தையாயின் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

அடுத்தது துணி. மெல்லிய, காற்றோட்டமுள்ள, நெசவு நெருங்கிய பருத்தி ஏற்றது. தந்தையின் உடல்வெப்பமும் குழந்தையின் உடல்வெப்பமும் கூடுவதால் துணியின் ஒவ்வோர் அடுக்கையும் குழந்தையின் ஓர் உடையாகக் கணக்கிட வேண்டும். வளையங்கள் மூட்டு இல்லாது வார்க்கப்பட்டனவாக இருத்தல் வேண்டும். அலங்கார வளையங்கள் எடையைத் தாங்கா. இந்தியக் கைத்தறித் துணியில் ஏந்தி தைக்கும் சிறு நிறுவனங்கள் 2010களில் தோன்றியிருப்பது இவ்வகையில் நன்மை பயப்பது.

பொருத்துதல்

தாயின் உடலுக்கு அமைத்த அளவிலேயே தந்தை அணிவது பொதுவான பிழை. ஆடவர்க்குத் தோள் அகன்றும் முதுகு நீண்டும் இருப்பதால் இடுப்புப் பட்டையை முதலில் பொருத்தி, குழந்தையை இருத்தியபின் தோள்வாரை இழுத்தல் வேண்டும். குழந்தையின் உச்சி தந்தையின் முகவாய்க்குச் சற்றுக் கீழே, முத்தமிடும் தொலைவில் நிற்குமாறு பட்டையின் உயரத்தை அமைக்க வேண்டும். தொங்கவிட்ட பட்டை தந்தையின் முதுகை வருத்தும், குழந்தையைச் சரியவிடும்.

பிரித்தானியாவில் வகுத்த ஐந்து விதிகள் இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகின்றன. துணி இறுக்கமாக இருத்தல், முகம் எப்போதும் கண்ணில் படுதல், முத்தமிடும் அணிமையில் இருத்தல், முகவாய் மார்பில் படியாதிருத்தல், முதுகு தாங்கப்பெறுதல் என்பன அவை. நான்காம் விதியே உயிர்நிலை. பச்சிளங்குழந்தையின் கழுத்து தன் தலையைத் தாங்காது. தலை முன்சாய்ந்து முகவாய் மார்பில் படிந்தால் மூச்சுக்குழல் மடங்கும். குழந்தை அழவும் இயலாது அடங்கிவிடும். முகவாய்க்கும் மார்புக்கும் இடையில் இருவிரல் இடம் வேண்டும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் விடுத்த எச்சரிக்கையில், முந்தைய இருபது ஆண்டுகளில் தோள்தூளிகளில் நிகழ்ந்த குறைந்தது 14 இறப்புகளைச் சுட்டியது. அவற்றுள் 12 குழந்தைகள் நான்கு திங்கள் நிரம்பாதவை.

இடுப்பு மற்றொன்று. பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டு பெரும்பாலும் குருத்தெலும்பாலானது. கால்களை நீட்டிக் கட்டினால் மூட்டு கிண்ணத்தினின்று விலகும் வாய்ப்பு கூடும். ஜப்பானில் 1970களில் குழந்தையின் கால்களை நீட்டிக் கட்டும் வழக்கத்தைத் தவிர்க்கும் இயக்கம் நடந்தபின் இக்குறை பெரிதும் குறைந்தது. ஆதலால் தொடைகள் இருபுறமும் விரிந்து, முழங்கால் புட்டத்தினும் உயர்ந்து, துணி ஒரு முழங்காலின் மடிப்பிலிருந்து மறுமுழங்காலின் மடிப்பு வரை தாங்குமாறு இருத்தல் வேண்டும். முகம் தந்தையை நோக்கியே இருக்க வேண்டும். பச்சிளம் பருவத்தில் வெளிநோக்கி இருத்தலாகாது.

பெங்களூருவிற்கென ஓர் எச்சரிக்கை உண்டு. இருசக்கர வண்டி மிகுந்த இந்நகரில் மார்புத்தூளியோடு வண்டியேறும் துணிவு சிலருக்கு எழலாம். 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பெற்ற மைய மோட்டார் வாகன விதித்திருத்தம் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்பு வாரும், மணிக்கு 40 கிலோமீட்டர் வேக வரம்பும் விதிக்கிறது. அவ்வார் வேறு, மார்புத்தூளி வேறு. தூளி நடைக்குரியது. அடுப்பருகிலும் அதனை அணிதல் ஆகாது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. குழந்தையை உடலோடு பிணைத்துச் சுமத்தல் தமிழகத்தில் உழைக்கும் பெண்டிரின் அறிவாக இருந்தது. தந்தைக்கு அது துணிக் குறைவால் அன்றிக் கடமைப் பங்கீட்டால் மறுக்கப்பட்டது. இலக்கியம் தந்தையின் மெய்யின்பத்தைப் பாடியது. எனினும் பச்சிளம் பருவத்தில் பேணும் பணியை ஆடவன் மேற்கொண்டபோது அவனுக்குத் தாயின் குரலையோ தாயின் வடிவத்தையோ அளித்தது. பெங்களூருவின் தனிக்குடும்ப வாழ்வும் கங்காரு பராமரிப்பின் மருத்துவச் சான்றும் இவ்வெல்லையைத் தளர்த்தியுள்ளன.

இந்த மாற்றத்தில் ஓர் இடர் உள்ளது. தூளி கட்டும் அறிவு பாட்டியிடமிருந்து தாய்க்குக் கையால் சென்றது. எந்த முடிச்சு நழுவும், எந்தத் துணி இற்றது என்பதைக் கை அறிந்திருந்தது. கருவி தந்தைக்குக் கடையிலிருந்து பெட்டியில் வருகிறது. அதனோடு வரும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளது. கையறிவும் இல்லை, தாய்மொழியில் எழுத்தறிவும் கிட்டவில்லை என்ற இடைவெளியில் இடர்ப்படுவது பேச இயலாத குழந்தை. ஆகவே எடை, மூச்சு, இடுப்பு ஆகிய மூன்றையும் பற்றிய தெளிவான குறிப்புகளைத் தமிழிலும் கன்னடத்திலும் மகப்பேற்று மனைகளில் தந்தையர் கையில் தருதல் உடனடித் தேவையாகும். அதற்கு வேண்டிய சொற்களைத் தொகுத்தும் ஆக்கியும் தருவது தமிழ்த்துறைகளின் பணி.

வசுதேவர் ஓரிரவு சுமந்தார். மறுநாள் முதல் வெறுங்கையராயினார். இன்றைய தந்தைக்கு அந்நிலை வேண்டுவதில்லை. செவ்விதின் தேர்ந்து, செவ்விதின் பொருத்திய துணி ஒன்று போதும்.